பதினோராவது தடவை

அந்தக் கேள்வி வந்தபோது என் கையில் ரிமோட் இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது, பதில் மட்டும் இல்லை.

கேட்டவர் ஹெட் நர்ஸ். நீள மேசையின் கடைசி நாற்காலி. டாக்டர்களும் நிர்வாகிகளும் ஒரு மணி நேரமாக ஆளுக்கு நாலு கேள்வி கேட்டுக் களைத்திருந்தார்கள். எல்லாமே நான் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்விகள். இந்த அம்மாள் மட்டும் அதுவரை வாயைத் திறக்கவில்லை. மேசைமேல் நாங்கள் கொண்டுபோய் வைத்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனியின் புதுப் பெட்டி. நோயாளியின் கட்டிலோரம் வைப்பது. நாடித் துடிப்பு தாறுமாறானால் அலறும். அலறுவதுதான் அதன் ஒரே வேலை. உள்ளே பேட்டரி இல்லாத எளிய ரகம்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு,” என்றார். “பேஷண்டத் துடைச்சு விடும்போது கைகால் அசைஞ்சா இந்த மாதிரிப் பெட்டியெல்லாம் சும்மா சும்மா கத்தும். சத்தத்த அமுக்கி வச்சுட்டுத்தான் வேலை பாப்போம். அந்த நேரம் பாத்து கரண்ட் போயி, ஜெனரேட்டர்ல திரும்ப வருதுன்னு வைங்க. சத்தமும் தானா திரும்பி வருமா? இல்ல, அமுக்குனது அமுக்குனபடியே கெடக்குமா?”

மூன்று நொடி. எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

ஒன்று. புரொஜெக்டரின் விசிறி சுற்றுகிற சத்தம். இரண்டு. மேசைமேல் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். மூன்று முடிவதற்குள் என் வாய் என்னைக் கேட்காமலேயே கிளம்பிவிட்டது.

“கண்டிப்பா வரும் சிஸ்டர். இதே கேள்விய நாங்களும் எங்களக் கேட்டுக்கிட்டோம். சத்தத்த அமுக்கி, பிளக்கப் பிடுங்கி, திரும்ப மாட்டி, பதினோரு தடவ பாத்தோம். பதினோரு தடவையும் வந்துச்சு.”

ஹெட் நர்ஸ் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகல நோட்டு ஒன்றை எடுத்து எழுதினார். தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. 11. அதன் கீழே ஒரு கோடு.

அந்தப் பரிசோதனையை நாங்கள் செய்யவில்லை. சரியாகச் சொன்னால், செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இத்தனை பெரிய பள்ளம் இருக்கிறது என்று அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திக்குவாய். இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்டர்வியூவில் என் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் எதிரே இருந்தவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டார். வேலை கிடைத்தது கணக்கில் நல்ல மார்க் என்பதால். சேர்ந்த ஆறாவது மாதம் கம்பெனி எங்கள் ஏழு பேரை ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. நடத்தியவளுக்கு என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட இருக்கும். முதல் நாளே நாங்கள் வைத்த பெயர் ‘மூணு செகண்ட்’. ஏனென்றால் அவளுடைய வேதமே அதுதான். கேள்வி வந்து மூன்று நொடிக்குள் பதில் வர வேண்டும். நாலாவது நொடியில் எதிரே இருப்பவருக்கு உங்கள் பயத்தின் வாடை அடித்துவிடும். ‘தெரியல’ என்ற சொல்லை வகுப்பில் யார் சொன்னாலும் மேசை மணியைத் தட்டுவாள். ‘அநேகமா’ என்றால் ஒரு தட்டு. ‘பாத்துதான் சொல்லணும்’ என்றால் இரண்டு. அப்புறம், பதிலில் எண் இருக்க வேண்டும். அதுவும் பத்து, ஐம்பது மாதிரி ரவுண்டான எண்ணாக இருக்கக் கூடாது.

“பத்துன்னு சொன்னா அடிச்சு விடறான்னு நெனைப்பாங்க. பதினொண்ணுன்னு சொல்லிப் பாருங்க, உக்காந்து எண்ணியிருக்கான்னு நெனைப்பாங்க.”

சிரித்தோம். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டோம்.

எட்டு வாரத்தில் என் திக்கல் போனது. எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தூக்கத்தில் விழுந்த பல் மாதிரி ஒரு நாள் காலையில் இல்லை. அதற்கப்புறம் கம்பெனியில் யார் வேலை செய்தாலும் மேடையேறுவது நான். பெயரே ‘ஸ்பீக்கர்’ என்றாகிவிட்டது. மேனேஜர் வெளியாட்களிடம் அறிமுகப்படுத்தும்போது என் தோளில் கை போடுவார். திக்குகிற காலத்தில் அவர் என்னோடு லிஃப்டில்கூட ஏறியதில்லை.

கூட்டம் முடிந்து கைதட்டினார்கள். நூறு பெட்டிக்கு ஆர்டர் உறுதி என்பது மேனேஜரின் நடையிலேயே தெரிந்தது. நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஹெட் நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

“ரொம்ப நாளா எனக்கு இதுதான் தம்பி தலைவலி. கரண்ட் போயிட்டு வந்தா எங்க பிள்ளைங்க எல்லா வேலையையும் போட்டுட்டு ஒவ்வொரு கட்டிலா ஓடி, சத்தம் இருக்கான்னு பட்டன அமுக்கி அமுக்கிப் பாப்பாங்க. இருபத்தெட்டு கட்டில். ஒரு நாளைக்கு மூணு தடவ, நாலு தடவ. திங்கக்கிழமை உங்க பெட்டிய வச்சதும் அந்த ஓட்டத்த நிறுத்திடறேன்.” நோட்டை வைத்திருந்த பையைத் தட்டிக் காட்டினார். “நீங்க நேத்து வந்த பையன் மாதிரி மென்னு முழுங்கியிருந்தீங்கன்னா நிறுத்தியிருக்க மாட்டேன். பட்டுனு சொன்னீங்க பாருங்க.”

நேற்று வந்தவன் வேறு கம்பெனிக்காரனாம். இதே கேள்விக்கு, பார்த்துச் சொல்கிறேன் என்றானாம்.

என் கையில் சுருட்டிய வயர் தானாக அவிழ்ந்து விழுந்தது.

திரும்பி வரும் வேனில் முன் சீட்டில் மேனேஜர், டிரைவருக்கு என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ‘டவுட்’. எங்கள் டெஸ்ட் இன்ஜினீயர். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காலையில் வீட்டைப் பூட்டினோமா என்று மத்தியானம் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஜாதி. இன்று என்ன கிழமை என்று கேட்டால் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அவளும் அதே பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு வந்தவள். அவளுக்கு மட்டும் இரண்டாவது வாரத்தோடு மணி உடைந்துவிட்டது என்று ஆபீசில் ஒரு ஜோக் உண்டு. இன்றைக்கு நான் சொன்னது பச்சைப் பொய் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும் என்றால் அது அவளுக்குத்தான். பெட்டியில் நடந்த ஒவ்வொரு பரிசோதனையும் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

திட்டு வாங்கத் தயாராகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினேன்.

“அந்தக் கரண்ட் விஷயம்... அப்படி ஒரு டெஸ்ட் நாம பண்ணோமா?”

“எது, பிளக்கப் பிடுங்கி மாட்டினதா? பண்ணோமே.”

“பண்ணோமா?”

“பதினோரு தடவ. நீதானடா சொன்ன.”

“நான் சொன்னது இருக்கட்டும். உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. மழ பேஞ்ச அன்னிக்கு. ஜன்னலோரம் இருக்கற மேசையில. நீ பிடுங்கிப் பிடுங்கி மாட்டின, நான் எழுதினேன்.” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னடா, மேடையில அவ்வளவு அழகா சொல்லிட்டு இங்க வந்து என்னையக் கேக்கற?”

வேன் சிக்னலில் நின்றது. எனக்கும் எல்லாம் நின்றது. பதினொன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ‘மூணு செகண்ட்’ வகுப்பிலிருந்து வந்தது. அல்லது மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில்களிலிருந்து. பாட்டில்கள் எத்தனை? எண்ணவில்லை. மழை பெய்த ஒரு நாள் நான் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் நிஜம். எதையோ பிடுங்கி மாட்டியும் இருக்கிறேன். அது பெட்டியின் பிளக்கா, என் போன் சார்ஜரா? ஒருவேளை நிஜமாகவே பரிசோதனை நடந்து, நான்தான் மறந்து, மூன்றாவது நொடியில் அது எனக்குள்ளிருந்து தானாக எழுந்து வந்ததா? அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லை. அப்படி இல்லையென்றால், கைதட்டலுக்கும் இந்த சிக்னலுக்கும் இடைப்பட்ட இருபது நிமிஷத்தில் என் பொய் இவளுடைய மண்டைக்குள் போய், மழையும் ஜன்னலும் வைத்து வீடு கட்டிக் குடியேறிவிட்டது.

“நிச்சயமா?” என்றேன்.

“டவுட்டே இல்ல,” என்றாள் டவுட்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

ஆபீஸ் போனதும் அவளுடைய டெஸ்ட் நோட்டைப் புரட்டினோம். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. கீழே போட்ட சோதனை, தண்ணீர் தெளித்த சோதனை, எட்டு மணி நேரம் விடாமல் ஓடவிட்ட சோதனை, எல்லாம் இருந்தது. பிளக் பிடுங்கிய சோதனை இல்லை.

“தனித்தாள்ல எழுதியிருப்பேன்,” என்றாள்.

“நீ என்னைக்கு தனித்தாள்ல எழுதியிருக்க?”

யோசித்தாள். பழைய டவுட் ஒரு நொடி எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. புருவம் சுருங்கியது. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து மெயில். அந்தப் பதினோரு தடவ டெஸ்ட் இருக்குல்ல, அதோட ரிப்போர்ட் ஒண்ணு வேணுமாம், ஃபைல்ல வைக்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பிடுங்க.”

இதுதான் சமயம். சொல்லிவிட வேண்டும். எழுந்து நின்றேன். மூச்சை இழுத்தேன்.

“சார், அந்த டெ... டெ... டெ...”

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து அது திரும்பி வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பழைய, கேவலமான, எனக்கு மட்டுமே சொந்தமான இருட்டு. மேனேஜரின் முகத்தில் அதே பழைய இரக்கம் வந்தது. லிஃப்டில் ஏறாத முகம்.

“டெஸ்ட்ட... நா... நாம ப... பண்ணல சார்.”

“என்னப்பா, உடம்பு சரியில்லயா?”

“இல்ல சார். நெ... நெஜமா பண்ணல.”

“காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கான்,” என்றார் டவுட்டிடம். “சாப்பிட்டிருக்க மாட்டான்.” என் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்: “பண்ணோம்ப்பா. நானே அன்னிக்கு எட்டிப் பாத்தேனே. மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீ அங்க சொன்னது எவ்வளவு தெளிவா இருந்துச்சு, இப்ப போய் எதுக்குக் குழப்பிக்கற? தாள் கிடைக்கலன்னா நாளைக்குத் திரும்ப ஒரு தடவ பண்ணி எழுதிடுங்க. பண்ணினதுதானே.”

மழை என்று இவரிடம் யார் சொன்னார்கள்? வேனில் நாங்கள் பேசியது முன் சீட்டுக்குக் கேட்டிருக்குமா? நான் ரகசியமாகத்தான் பேசினேன். அவள் அப்படிப் பேசினாளா? கேட்க நினைத்தேன். நாக்கு எழவில்லை.

சாயங்காலம் வீட்டில் தங்கச்சியிடம் சொன்னேன். அவளிடம் எப்போதுமே எனக்குத் திக்கியதில்லை. திக்கிய காலத்திலும் அவளோடு சண்டை போட்டால்கூடக் கோர்வையாக வரும். என் ஒத்திகைகள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள் முன்னால்தான். நான் ‘ம்ம்ம்’ என்று இழுத்தால் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுவாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“அண்ணா, சின்ன வயசுல நீ பொய் சொன்னா அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க தெரியுமா?”

“திக்குவேன்.”

“உண்மை சொன்னாலும் திக்குவ. பொய் சொன்னா ரெண்டு திக்கு கூடுதலா இருக்கும். அம்மா எண்ணுவாங்க.” சிரிக்காமல் சொன்னாள். “இப்ப நீ பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்கள விடு. நீ எப்படிக் கண்டுபிடிப்ப?”

பதில் சொல்ல மூன்று நொடி எடுத்துக்கொண்டேன். முப்பது எடுத்துக்கொண்டேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஆபீசில் ஆள் இல்லை. பாதி விளக்குகள் அணைந்திருந்தன. நான் போகும்போதே டவுட் வந்திருந்தாள். பெட்டியைத் தயாராக வைத்து, நோட்டில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டு, நேர்கோடு இழுத்து வைத்திருந்தாள். ஜன்னலோர மேசை. வெளியே வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. நாங்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது.

“பாத்தியா, அன்னிக்கும் இப்படித்தான்,” என்றாள்.

பெட்டியின் நாடிக் கருவியை என் விரலில் மாட்டினேன். விரலை விடாமல் அசைத்தேன். பெட்டி அலறியது. சத்தத்தை அமுக்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு செத்தது. ஐந்து எண்ணித் திரும்ப மாட்டினேன். விளக்கு வந்தது. உடனே சத்தமும் வந்தது. காதைக் கிழித்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

“ஒண்ணு,” என்று டவுட் டிக் போட்டாள்.

இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொரு தடவையும் வந்தது. ஐந்திலும் ஆறிலும் எனக்குத் தோள்கள் இறங்கின. பொய்யே ஆனாலும் உண்மையாகிவிட்ட பொய். திங்கட்கிழமை இருபத்தெட்டு கட்டிலும் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது.

ஏழு. மாட்டினேன். பச்சை விளக்கு வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. மழைச் சத்தம். நான்கு.

அலறியது.

“ஏழு,” என்று பேனா நகர்ந்தது.

“இரு. லேட்டா வந்துச்சு.”

“எங்க லேட்டா வந்துச்சு?”

“நாலு செகண்ட். விளக்கு வந்து நாலு செகண்ட் கழிச்சு.”

“எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. நீ டென்ஷன்ல வேகமா எண்ணியிருப்ப.” டிக்கைத் திருத்தவில்லை. “வந்துச்சா இல்லயான்னுதான கேள்வி? வந்துச்சுல்ல.”

வந்தது. தாமதமாக வந்ததா? நேற்று ஒரு எண்ணைச் சொன்னபோது, எண்ணாமலேயேதான் சொன்னேன். இன்று எண்ணியதை எப்படி நம்புவது? எட்டு, உடனே வந்தது. ஒன்பது, உடனே. பத்து, உடனே. ஏழாவதைப் பற்றி நினைக்க நினைக்க அது தேய்ந்துகொண்டே போனது. நான்கு நொடி மூன்றானது, மூன்று இரண்டானது. இன்னும் ஐந்து நிமிஷம் இங்கேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் உடனே வந்ததாகிவிடும் என்று தெரிந்தது. வேனில் அவளுக்கு ஆன மாதிரி. மேனேஜருக்கு ஆன மாதிரி. எனக்கும்.

பதினோராவது தடவைக்குச் சத்தத்தை அமுக்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு செத்தது. திரும்ப மாட்டப் போன வலது கை பாதியில் நின்றது. இடது கை போனை எடுத்தது. திங்கட்கிழமை பெட்டி இறக்குவதைப் பற்றிக் கேட்க நேற்று சாயங்காலம் கூப்பிட்டிருந்த ஹெட் நர்ஸின் எண் அழைப்புகளில் மேலாக இருந்தது.

“யாருக்குடா போன்?” என்றாள் டவுட்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார். பின்னால் வார்டின் இரைச்சல். தள்ளுவண்டிச் சக்கரம், யாரோ யாரையோ கூப்பிடுவது, எங்கோ ஒரு பெட்டி விட்டு விட்டுக் கத்துவது.

“சொல்லுங்க தம்பி.”

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? செய்யவில்லை என்றா? இதோ, பத்து தடவை செய்தாகிவிட்டது. வராது என்றா? பத்து தடவையும் வந்ததே. என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல். மணி அடித்து அடித்து என்னிடமிருந்து பிடுங்கப்பட்ட சொல். அதன் முதல் எழுத்து நாக்கில் ஏறி நின்றது.

“தெ...”

“ஹலோ? தம்பி, கேக்குதா?”

“தெ... தெ...”

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் போய்விட்டது. நாலாவது நொடியும் போனது. அவர் வைக்கவில்லை. தள்ளுவண்டிச் சத்தம் நின்றது. சந்தடி குறைந்தது. எங்கோ ஓரமாக ஒதுங்கி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறார் போலிருந்தது.

“இருக்கேன். மெதுவா சொல்லுங்க,” என்றார்.

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. பெட்டி இருண்டு கிடந்தது. பிளக் என் கையிலேயே இருந்தது, மூன்று கால்களும் காற்றில். டவுட் நோட்டை மூடப் போனாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

பதினோராவது வரிசையில் டிக் ஏற்கனவே போட்டிருந்தது.